காற்றில் அசையும் சிற்பம்: பக்தாத் முதல் அகமதாபாத் வரை

அப்பாஸியக் கலீஃபா அல்மன்சூர் ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) பக்தாதை வட்ட வடிவ நகரமாக நிறுவியபோது, அதன் நடுவில் அமைந்த அரண்மனையின் மீது பச்சைக் குவிமாடம் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் உயரம் 80 முழம் என்று வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதி குறித்துள்ளார். குவிமாடத்தின் உச்சியில் ஈட்டி ஏந்திய குதிரை வீரனின் உருவம் ஒன்று நின்றது. அது ஒரே திசையை நோக்கி நிற்கவில்லை, திரும்பிக்கொண்டிருந்தது. ஈட்டிமுனை எத்திசையை நோக்குகிறதோ அத்திசையில் கிளர்ச்சி எழப்போகிறது என்று கலீஃபா அறிந்துகொள்வார், சில நாள்களில் அங்கிருந்து செய்தியும் வந்து சேரும் என்று மக்கள் பேசிக்கொண்டனர். ஹிஜ்ரி 329இல் (கி.பி. 941) இடியும் மின்னலும் பெருமழையுமாக இருந்த ஓர் இரவில் குவிமாடத்தின் தலைப்பகுதி இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் அது நின்றிருந்தது.

இக்கதையைக் கேட்டுச் சினந்தவர் புவியியல் பேரகராதி எழுதிய யாகூத் அல்ஹமவி. மந்திரக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படும் இத்தகைய கட்டுக்கதைகளை இஸ்லாமியச் சமுதாயத்தின் மீது ஏற்றலாகாது என்பது அவர் கூறிய முதற்காரணம். இரண்டாவது காரணம் தருக்கம் சார்ந்தது. அவ்வுருவம் எப்போதும் ஏதேனும் ஒரு திசையை நோக்கித்தானே நிற்க வேண்டும்? அப்படியானால் கிளர்ச்சிக்காரன் ஒருவன் எக்காலமும் இருந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இக்கேள்வியின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை. கதையிலிருந்து மந்திரத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு காற்றுத்திசைகாட்டி. காற்று அடித்த பக்கம் திரும்பிய ஒரு பொருளுக்கு மக்கள் அரசியல் பொருள் கற்பித்துவிட்டனர், அவ்வளவே.

பக்தாத் வீரன் தனியன் அல்லன். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் நாடுகள் பல சுற்றிய அல்முகத்தஸி, சிரியாவின் ஹிம்ஸ் நகரில் ஒரு குவிமாடத்தின் மீது மீனின்மேல் அமைந்த மனித உருவம் ஒன்று இருந்ததையும், உலோகத்தாலான அவ்வுருவம் நாற்றிசைக் காற்றுக்கும் ஏற்பத் திரும்பியதையும் பதிவு செய்துள்ளார். அதைப் பற்றியும் நம்பத்தகாத கதைகள் உலவுகின்றன என்று அவரே சேர்த்து எழுதுகிறார். ஆக, திறந்த வெளியில் நின்று காற்றால் இயங்கும் சிற்பம் என்பது இருபதாம் நூற்றாண்டு மேலைநாட்டார் திடீரெனக் கண்டுபிடித்த புதுமை அன்று. எனினும் அவர்கள் அதில் செய்த மாற்றம் சிறியதும் அன்று. அதைப் புரிந்துகொள்ள, உருவம் பற்றிய நம் மரபின் தயக்கத்தை முதலில் கருத வேண்டும்.

உருவமும் அசைவும்

உயிருள்ளவற்றின் முழு உருவங்களைச் சமைப்பதை, குறிப்பாக நிழல் விழும்படியான திரண்ட உருவங்களை, மார்க்க அறிஞர்களுள் மிகப் பெரும்பாலோர் தடுத்துள்ளனர். உயிரற்றவற்றையும் மரஞ்செடிகளையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) ஓவியர் ஒருவருக்கு வழிகாட்டியதும் ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. முஸ்லிம்களின் கலையாற்றல் எழுத்தணியிலும் கோலவடிவங்களிலும் கட்டடத்திலும் பாய்ந்ததற்கு இத்தயக்கமே காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். அதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு நிகழ்ச்சியைச் சுட்டாமல் இப்பொருளைக் கடக்க இயலாது. அபூதாவூதில் பதிவாகியுள்ள அந்நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவர். போரொன்றிலிருந்து அண்ணல் நபி (ஸல்) திரும்பிவந்த வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் இருந்த இடத்துத் திரையைக் காற்று விலக்கிவிடுகிறது. பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை கட்டிய குதிரை ஒன்று தெரிகிறது. குதிரைக்கு இறக்கையா என்று அண்ணலார் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் எதிர்வினா விடுக்கிறார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரிக்கிறார்கள். சிறார் விளையாட்டுப் பொருளுக்கு விலக்கு உண்டு என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் கொள்வர். எனக்கு இதில் வியப்பளிப்பது வேறொன்று. திரையை விலக்கியது காற்று. குதிரைக்கு இருந்தது கந்தல்துணி இறக்கை. நினைவுகூரப்பட்டவரோ காற்று வசப்படுத்தப்பட்டிருந்த நபி.

பக்தாத் வீரனும் ஹிம்ஸ் மனிதனும் அசைந்தன என்றாலும் அவை உருவங்களே. குதிரையைச் செய்து முடித்தபின் அதைத் திருப்பும் வேலை மட்டுமே காற்றுக்கு விடப்பட்டது. அசைவையே வடிவமாகக் கொண்ட, எந்த உயிரின் சாயலும் தேவைப்படாத ஒரு சிற்பம் இருக்க முடியுமா? இக்கேள்விக்குச் செய்துகாட்டி விடை தந்தவர் அலெக்சாண்டர் கால்டர் என்னும் அமெரிக்கர். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த இவருடைய தந்தையும் பாட்டனும் சிற்பிகள். பிலடெல்பியா நகரமன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை பாட்டனின் கைவண்ணம். பேரனோ கல்லும் வெண்கலமும் வேண்டாமென்று இயந்திரப் பொறியியல் படித்து 1919இல் பட்டம் பெற்றார். பின்னரே கலைக்குத் திரும்பினார்.

1930இல் பாரிசில் ஓவியர் மோன்ட்ரியானின் பணிக்கூடத்துக்கு அவர் சென்றார். சுவரில் ஒட்டப்பட்டிருந்த வண்ணச் செவ்வகங்களைக் கண்டதும், இவை அசைந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. மோன்ட்ரியானுக்கு அது உவப்பாக இல்லை. கால்டர் விடவில்லை. தொடக்கத்தில் கைப்பிடியாலும் மின்விசைப் பொறியாலும் தம் படைப்புகளை இயக்கினார். 1931இல் அவற்றைப் பார்த்த மார்செல் துஷாம் 'மொபைல்' என்று பெயர் சூட்டினார். (இன்று நம் சட்டைப்பைகளில் ஒலிக்கும் கருவிக்கும் அதே பெயர் வாய்த்துவிட்டதால், இக்கட்டுரையில் தொங்குசிற்பம் என்றே வழங்குவோம்.) பொறியால் இயங்குவது ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றியது, பார்ப்பவருக்குச் சலித்தது. பொறியைக் கழற்றி எறிந்துவிட்டு அவ்விடத்தைக் காற்றுக்குக் கொடுத்தார். அப்போதுதான் அக்கலை உண்மையில் பிறந்தது என்பேன்.

அகமதாபாதில் ஒரு தை மாதம்

கால்டரின் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இயல் உண்டு, பலர் அறியாதது. அகமதாபாதின் ஆலை உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த கீரா சாராபாய் அவரை இந்தியாவுக்கு அழைத்தார். தங்கவும் வேலை செய்யவும் இடம் தருவோம், நாட்டையும் சுற்றிக் காட்டுவோம், ஈடாக எங்களுக்குச் சில படைப்புகள் செய்து தாருங்கள் என்பது உடன்பாடு. 1955 ஜனவரியில் கால்டர் தம் துணைவியாருடன் வந்து சேர்ந்தார். சாராபாய் குடும்பத்தாரின் வளாகத்தில், உள்ளூரில் கிடைத்த கம்பியையும் தகட்டையும் கொண்டு ஒன்பது சிற்பங்களைச் செய்தார். அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஃபிராஞ்சி பானி', மற்றொன்று 'கொய்யா'. தோட்டத்துப் பூவும் பழமும் தலைப்பில் ஏறிவிட்டன. சிற்பங்களிலோ பூவும் இல்லை, பழமும் இல்லை. மெல்லிய கம்பிகளின் நுனியில் தகடுகள் காற்றுக்குத் தலையாட்டின. கீரா சாராபாயும் அவருடைய தமையனார் கௌதம் சாராபாயும் பின்னர் 1961இல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானோர். கால்டரின் வருகை ஒரு செல்வக் குடும்பத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அப்படைப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை அல்ல, ஒரு வீட்டுக்காகச் செய்யப்பட்டவை. அந்த அளவில் நம் நாட்டுக்கு இழப்பே.

ஜனவரி என்பது அகமதாபாதில் பட்டங்களின் மாதம். உத்தராயண நாளில் வானம் மறையுமளவு பட்டங்கள் ஏறும். அப்பட்டங்களை ஆண்டு முழுவதும் கட்டித் தருவோருள் ஜமால்பூர் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் முக்கியமானவை. அந்நகரின் சாரங்பூரில், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீதி பஷீர் பள்ளிவாசலின் எஞ்சிய இரு மினாராக்கள் நிற்கின்றன. ஒன்றை ஆட்டினால் சற்றுப் பொறுத்து மற்றது தானே ஆடும். இரண்டையும் இணைக்கும் நடைபாதையோ ஆடாது. கல்லால் கட்டிய கட்டடமே அசையக் கற்றிருந்த ஊர் அது.

துலாக்கோலின் கலை

தொங்குசிற்பம் எவ்வாறு நிற்கிறது? பார்ப்பதற்கு மாயம்போல் தோன்றினும் அடிப்படை மிக எளியது. சந்தையில் தட்டில்லாத வெள்ளிக்கோலைக் கொண்டு காய்கறி நிறுத்ததைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வர். ஒரு கம்பியின் ஒரு முனையில் 300 கிராம் தகடு. தொங்கும் புள்ளியிலிருந்து அதன் தொலைவு 10 சென்டிமீட்டர். மறுமுனையில் 100 கிராம் தகடு. தொலைவு 30 சென்டிமீட்டர். எடையையும் தொலைவையும் பெருக்கினால் இரு பக்கமும் 3000. கம்பி சமநிலையில் நிற்கும். இப்போது இம்முழு அமைப்பும் 400 கிராம் எடையுள்ள ஒரே பொருள். இதை மேலேயுள்ள இன்னொரு கம்பியின் முனையில் கட்டி, அதன் மறுமுனையில் வேறொரு தகட்டால் ஈடு செய்யலாம். இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம். ஆகவே தொங்குசிற்பத்தைக் கீழிருந்து மேலாகத்தான் கட்ட வேண்டும். கால்டரும் அவ்வாறே கட்டினார். மேலிருந்து தொடங்கினால் கீழே சேர்க்கும் ஒவ்வொரு தகடும் மேலுள்ள எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும்.

இத்துலாக்கோல் அறிவியலுக்கு அரபு மொழியில் நெடிய மரபு உண்டு. ஹர்ரானைச் சேர்ந்த ஸாபித் இப்னு குர்ரா (மறைவு 901) வெள்ளிக்கோலின் கணிதத்தை விளக்கித் தனி நூலே எழுதினார். மர்வ் நகரில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்காஸினி, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121-22) 'மீஸானுல் ஹிக்மா' என்னும் பெருநூலைச் செல்ஜூக் சுல்தான் சன்ஜருக்காக இயற்றினார். ஈர்ப்பு மையம் என்றால் என்ன, தராசின் தண்டு தொங்கும் புள்ளி தண்டின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் என்ன ஆகும், கீழே இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அது ஆராய்கிறது. மேலே இருந்தால் தண்டு சாய்ந்தாலும் மீண்டு வரும். கீழே இருந்தால் கவிழ்ந்துவிடும். சரியாக மையத்திலேயே இருந்தால் விட்ட இடத்தில் நிற்கும். தொங்குசிற்பம் காற்றில் சாய்ந்து மீள்வதும் இதே விதியால்தான்.

கால்டர் அல்காஸினியைப் படித்தார் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். எல்லாவற்றையும் நம் முன்னோரே கண்டுபிடித்துவிட்டனர் என்று எழுதித் தள்ளும் வழக்கம் நம் ஏடுகளில் பெருகிவிட்டது. அது முன்னோருக்கும் பெருமை சேர்க்காது, நமக்கும் அறிவு சேர்க்காது. தங்கத்தில் கலப்படத்தை அறியவும் வாணிபத்தில் நேர்மை காக்கவும் அவர்கள் துலாக்கோலை நுணுகி ஆராய்ந்தனர். அசையாமல் நிற்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அசைவதற்காகவே துலாக்கோல் செய்தவர் கால்டர். விதி ஒன்று; நோக்கம் வேறு.

சமநிலை மட்டும் போதாது; காற்றுக்குப் பிடி கொடுக்கவும் வேண்டும். எடை குறைந்து பரப்பு மிகுந்த தகடு மெல்லிய காற்றிலும் நகரும். ஒவ்வொரு கம்பியும் அதன் மேலுள்ள கம்பியிலிருந்து தனியே தொங்குவதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசல் காலம். மேற்கம்பி இடப்பக்கம் போகையில் கீழ்க்கம்பி வலப்பக்கம் வரலாம். ஊசலுக்குள் ஊசல் தொங்கினால் அதன் போக்கை முன்கூட்டிக் கணிப்பது அரிது என்பதை இயற்பியலார் அறிவர். ஆகவே நாள் முழுவதும் அமர்ந்து பார்த்தாலும் ஒருமுறை கண்ட கோலம் அப்படியே மறுமுறை வாய்ப்பதில்லை. பாரிசில் யுனெஸ்கோ தலைமையகத்தின் வெளியில் 1958இல் நிறுவப்பட்ட கால்டரின் 'ஸ்பிரால்' திறந்தவெளிக்கு எடுத்துக்காட்டு. தரையில் ஊன்றிய கரிய எஃகுப் பீடத்தின் உச்சியில் தகடுகள் காற்றோடு சுழல்கின்றன.

அவருக்குப் பின் வந்தோருள் ஜார்ஜ் ரிக்கி (1907-2002) கருதத்தக்கவர். கடிகாரம் செய்பவரின் பேரன், ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர், பாய்மரப் படகு ஓட்டியவர். அவர் தகடுகளைத் தொங்கவிடாமல் எஃகு வாள்களை நிமிர்த்தி நிறுத்தினார். 1964இல் அவர் செய்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள படைப்பில் இரண்டே வாள்கள்தாம் உண்டு. உயரம் சுமார் 35 அடி. ஒவ்வொரு வாளும் கத்திமுனை போன்ற தாங்கியின் மீது அமர்ந்துள்ளது. தராசுத் தண்டு அமர்வதும் இத்தகைய முனையில்தான். தாங்கிக்குக் கீழே ஈய எடை மறைந்திருக்கும். மேலே நீண்ட வாளின் எடையைக் கீழேயுள்ள ஈயம் ஏறத்தாழ ஈடுசெய்துவிடுவதால், சிறு காற்றும் அவ்வளவு பெரிய எஃகை மெல்லச் சாய்க்கிறது. வாள் தயங்கிச் சாய்ந்து தயங்கி மீள்கிறது. மனித உருவமோ விலங்குருவமோ இல்லாத இப்படைப்பின் முன் நிற்பவர் மனத்தில் தோன்றும் அமைதியைச் சொல்லில் வடிப்பது கடினம்.

ஓலையும் முள்ளும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வக்கோட்டை தஞ்சையின் வயல்வெளி முடிந்து செம்மண் மேடு தொடங்கும் எல்லையில் உள்ளது. முந்திரியும் நிலக்கடலையும் விளையும் வானம் பார்த்த பூமி. ஆனி ஆடியில் மேல்காற்று இம்மேட்டின்மீது தடையின்றி அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இங்கே மிகையாகத் தோன்றாது. இக்காற்றுக்கு எங்கள் வட்டாரச் சிறுவர் கொடுத்த விடை பனையோலைக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டுகளைச் சிலுவைபோல் ஒன்றினுள் ஒன்று செருகி, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, ஒரு குச்சியின் முனையில் செருகினால் முடிந்தது. காற்றை நோக்கி ஓடினால் சுழலும். அடிக்கும் காற்றில் நின்றாலே சுழலும்.

அதன் நுட்பம் இரண்டு இடங்களில் உள்ளது. ஓலையின் இதழ்கள் தட்டையாக இருந்தால் காற்று அவற்றை நேரே பின்னுக்குத் தள்ளுமேயன்றிச் சுழற்றாது. ஒவ்வோர் இதழும் சற்றே சாய்ந்து, எல்லாம் ஒரே சுற்றுப்போக்கில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நேரே வரும் காற்று பக்கவாட்டில் திரும்பி, திரும்பும் விசையால் இதழைத் தள்ளுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளின் அலகுகளும் இதே சாய்வைக் கொண்டவை. இரண்டாவது, முள். முள்ளின் தடிப்பைவிடத் துளை சிறிது பெரிதாக இருக்க வேண்டும். இறுகினால் சுற்றாது, தளர்ந்தால் தள்ளாடும். இந்த அளவை எந்த நூலும் சொல்லித் தருவதில்லை, விரல் அறியும். இன்று கடைகளில் நெகிழிக் காற்றாடி வாங்கித் தருகிறோம். பனையும் குறைந்துவிட்டது, ஓலை கிழிக்கும் கையும் குறைந்துவிட்டது. நெகிழிக் காற்றாடியைப் பழிப்பதற்கில்லை. அதுவும் அழகாகவே சுழல்கிறது. ஆனால் அது குழந்தை செய்த பொருள் அன்று.

யாழ்ப்பாணத் தமிழர் இதில் நம்மினும் ஒரு படி மேல். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியில் தட்டையான பட்டங்கள் மட்டுமன்றி, முப்பரிமாணத்தில் கட்டிய, வானில் உறுப்புகள் அசையும் பட்டங்களும் ஏறுகின்றன. பட்டத்தின் தலையில் வில்லாகக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து ஒலிப்பதை 'விண் கூவுதல்' என்கின்றனர். காற்றுக்குக் கண்ணும் காதும் கொடுத்த கலை அது. அம்மக்கள் கடலோடிகள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாற்றிசைக் காற்றையும் பெயரிட்டு அழைத்தவர்கள். நம் மரக்காயர்களின் வழக்கிலும் கச்சானும் கொண்டலும் வாழ்ந்தன. பெயர் தெரியாத ஒன்றைக் கலையில் அமைப்பது எளிதன்று.

அம்மரக்காயர்கள் பாய்மரமேறிச் சென்றடைந்த சிங்கப்பூரில் இன்று உலகின் மிகப் பெரிய காற்றுச் சிற்பங்களுள் ஒன்று உள்ளது. நெட் கான் என்னும் அமெரிக்கக் கலைஞர் வடிவமைத்த அதன் பெயர் 'விண்ட் ஆர்பர்'. மெரினா பே சாண்ட்ஸ் விடுதியின் முகப்பில் சுமார் 2,60,000 சிறு உலோகத் தகடுகள் கீல்களில் தொங்குகின்றன. காற்று முகப்பின்மீது படரும்போது தகடுகள் அடுத்தடுத்து உயர்ந்து தாழ்கின்றன. குளத்து நீரில் அலை ஓடுவதுபோல் கட்டடத்தின் மேல் காற்று ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. வெயிலின் ஒரு பகுதியையும் அவை தடுத்துவிடுகின்றன. சூதாட்டக்கூடம் உள்ள வளாகத்தில் இது அமைந்திருப்பதை எண்ணி வருந்தத்தான் வேண்டியுள்ளது; நல்ல கலை நல்ல வீட்டில்தான் குடியிருக்கும் என்று விதியில்லை. அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத தெலோக் ஆயர் தெருவில், 1828-30இல் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நிற்கிறது. கடல் தூர்க்கப்படுமுன் அத்தெரு கரையோரமாக இருந்தது. பருவக்காற்றைப் பிடித்து வந்தவர்கள் இறங்கிய இடம்.

ரியாஹ், ரீஹ்

காற்று எப்போதும் தென்றல் அன்று. திருக்குர்ஆனில் அருளைக் குறிக்குமிடங்களில் 'ரியாஹ்' என்ற பன்மையும், தண்டனையைக் குறிக்குமிடங்களில் 'ரீஹ்' என்ற ஒருமையும் பெரும்பாலும் வருவதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவர். விலக்குகளும் உண்டு. மழையைச் சுமந்து வருவதும் காற்றே, ஆது கூட்டத்தாரை வீழ்த்தியதும் காற்றே.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு அது உள்நாட்டுக்குள் புகுந்தபோது, கடலோரம் அல்லாத கந்தர்வக்கோட்டை, ஆலங்குடி வட்டாரங்களும் தப்பவில்லை. தென்னை, பலா, முந்திரி, தேக்கு என்று தலைமுறைகளின் உழைப்பு ஓரிரவில் சாய்ந்தது. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. காற்றுச் சிற்பம் பற்றிப் பேசுகிறவன் இதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. பொதுவிடத்தில் உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டால் அப்படியோர் இரவில் அவை வாளாக மாறும்.

கணக்கு இதுதான். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தோடு அன்று, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் தட்டைத் தகட்டின் மீது ஏறத்தாழ 2 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். வேகம் 120ஆக, அதாவது ஆறு மடங்கானால், அழுத்தம் 36 மடங்காகி 68 கிலோவை எட்டும். கட்டடப் பொறியாளர் தடித்த தூணால் இதை எதிர்ப்பார். காற்றுச் சிற்பிக்கு அவ்வழி இல்லை, தடித்தால் அசையாது. ஆகவே அவர் விட்டுக்கொடுக்கும் வழியைக் கொள்ள வேண்டும். ரிக்கியின் வாள் காற்று மிகும்போது மேலும் சாய்ந்து, காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. காற்றாலைகளும் வேகம் வினாடிக்கு 25 மீட்டர் அளவை நெருங்கினால் அலகுகளின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி ஓய்ந்து நிற்கின்றன. பெரிய மட்டைகளை விரித்து நின்ற தென்னை ஆயிரக்கணக்கில் வீழ, பனை பெரிதும் நின்றதைக் கஜாவுக்குப் பின் ஊரே கண்டது.

நம் சிற்றூர்களின் நாற்சந்திகளில் உள்ளவை பெரும்பாலும் தலைவர்களின் சிலைகள். அவற்றுள் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. எப்போது யார் எதை உடைப்பாரோ என்ற அச்சம். எந்தச் சாதிக்கும் எந்தக் கட்சிக்கும் எந்தச் சமயத்துக்கும் உரித்தாகாத, எவர் மனத்தையும் புண்படுத்தாத ஒரு பொதுச் சின்னம் வேண்டுமானால் காற்றில் அசையும் சிற்பத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. உருவத்தின் மீது தயக்கமுள்ள முஸ்லிமும், உருவத்தைப் போற்றும் அண்டை வீட்டாரும் ஒருங்கே நின்று பார்க்கலாம். பார்ப்பவர் அதற்கு மந்திரப்பொருள் கற்பிக்கத் தொடங்கினால் யாகூத்தின் கேள்வி கையிருப்பில் உள்ளது.

செலவு பெரிதன்று, கவனிப்புத்தான் பெரிது. கந்தர்வக்கோட்டை போன்ற ஊரில் முதற்பகை புழுதி. செம்மண் தூசி உருளைத்தாங்கியில் புகுந்து மசகோடு குழைந்தால் ஓராண்டில் சுழற்சி நின்றுவிடும். மூடிய தாங்கியோ, கத்திமுனைத் தாங்கியோதான் ஏற்றது. அடுத்தது இடம். மரங்களும் கட்டடங்களும் சூழ்ந்த இடத்தில் காற்று சுழன்று குழம்பும். மேடான பள்ளி மைதானத்தின் மேற்கு ஓரமோ ஏரிக்கரையோ வேண்டும். தகடுகளின் விளிம்பை மழுக்கி, ஆள் கைக்கெட்டாத உயரத்தில் அமைக்க வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் தகடுகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, தை முடிந்தபின் மீண்டும் மாட்டுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர், தராசு பழுதுபார்ப்பவர், ஓலைக் காற்றாடி செய்யத் தெரிந்த ஒரு பெரியவர் ஆகிய மூவரும் கூடினால் முதல் மாதிரியைச் செய்துவிடலாம்.